களஞ்சியத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது: டெபியன் திட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

டெபியனின் பொதிப் பராமரிப்பாளர்களுக்கும் களஞ்சியக் குழுவினருக்கும் வணக்கம்.

ஃபார்ச்சூன் நிரல் திரையில் காட்டும் புண்படுத்தும் மேற்கோள்களின் தொகுப்பாக, உங்கள் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்தில் 'ஃபார்ச்சூன்ஸ்-ஆஃப்' என்ற பொதி (நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) இருந்தது. அதை விலக்குவது குறித்து 2022 இறுதியில் உங்களுக்குள் நடந்த நீண்ட வாக்குவாதத்தையும், ஆங்கிலத் தொகுப்பை எடுத்துவிட்ட முடிவையும் இங்கே மறுபடி விவரிக்கத் தேவையில்லை. அந்த வாக்குவாதத்தில் பேசாமல் விட்ட பாதியைப் பற்றியே இம்மடல். எங்கள் கோரிக்கை இதுதான்: இனம், பால், பாலீர்ப்பு ஆகியவற்றை இழிவுபடுத்தும் தொகுப்புகளை எல்லா மொழிகளிலும் விலக்குங்கள். விலக்கும்போது, ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகளிலிருந்தும் அவை போகும்படி விலக்குங்கள். நிரலைத் தொட வேண்டாம். 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த ஃபார்ச்சூன், ஓட்டும்போதெல்லாம் குலுக்கலில் ஒரு மேற்கோளைக் காட்டும், யாருக்கும் தீங்கு செய்யாத சின்ன நிரல். சிக்கல் அதற்குத் தீனியாகப் போடும் உரைக்கோப்புகளில் இருக்கிறது.

எது இழிவு என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. இந்தப் பொதியைப் பொறுத்தவரை அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. 'ஆஃப்' அடைவுக்குள் உள்ள கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: 'ரேசிசம்' (இனவெறி), 'மிசாஜினி' (பெண்வெறுப்பு), 'எத்னிக்' (இனக்குழு), 'ஹெச்ஃபோபியா' (தன்பாலீர்ப்பாளர் வெறுப்பு). பக்கத்திலேயே 'லிமெரிக்' (ஐந்தடி வேடிக்கைப் பாட்டு), 'வல்காரிட்டி' (கொச்சை), 'பிளாக்-ஹியூமர்' (இருண்ட நகைச்சுவை). தொகுத்தவர்களே வகை பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தையும் முரட்டு நகைச்சுவையும் வேறு. ஒரு மக்கள் கூட்டத்தை மனிதரே அல்ல என்று சொல்வது வேறு. முதல் வகையை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

கணினி நிர்வாகிக்கு நேரும் தொல்லையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பொதியைக் களஞ்சியத்திலிருந்து நீங்கள் எடுத்துவிட்டால், அதை முன்பே நிறுவியிருந்த கணினியிலிருந்து அது தானாகப் போவதில்லை. புதிய வெளியீட்டுக்கு மேம்படுத்திய பிறகும் பழைய கோப்புகள் வட்டிலேயே இருக்கும். இனி இற்றைப்படுத்த ஆளில்லாத பொதி என்பதுதான் ஒரே மாற்றம். பல்கலைக்கழக ஆய்வகம் போன்ற பொதுக் கணினிகளில், உள்நுழைந்ததும் ஒரு பொன்மொழி தோன்றட்டும் என்று உள்நுழையும்போது ஓடும் கட்டளைகள் உள்ள 'ப்ரொஃபைல்.டி' அடைவில் எவரோ என்றோ ஃபார்ச்சூனைச் சேர்த்திருப்பார். அதோடு '-ஏ' தெரிவையும் கொடுத்திருந்தால் 'ஆஃப்' அடைவும் குலுக்கலில் சேர்ந்துவிடும். சேர்த்தவர் வேலை மாறிப் போயிருப்பார். முதல் நாள் முனையத்தைத் திறக்கும் மாணவிதான் அந்த வரியை வாசிக்கிறாள். அவள் எந்தப் பொதியையும் நிறுவவில்லை. எந்த எச்சரிக்கையும் அவளுக்குக் காட்டப்படவில்லை.

புகார் வந்ததும் நிர்வாகி தேடத் தொடங்குவார். கோப்புகள் ராட்13 முறையில் எழுத்து மாற்றி வைக்கப்பட்டிருப்பதால், திரையில் கண்ட சொல்லை 'கிரெப்' என்ற தேடல் கட்டளை கொடுத்துத் தேடினால் ஒன்றும் சிக்காது. 'டிஆர்' கட்டளையால் எழுத்துகளை 13 இடம் நகர்த்திய பிறகே வாசிக்க முடியும். கண்டுபிடித்த வரியைக் கையால் அழித்தாலும் வேறு தொல்லை வரும். ஒவ்வொரு மேற்கோளும் கோப்பின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு, அதே பெயருள்ள '.டாட்' கோப்பில் இருக்கிறது. உரையை மாற்றிவிட்டு, அந்தக் கணக்கைப் புதிதாக எழுதும் 'ஸ்ட்ரஃபைல்' நிரலை ஓட்டாமல் விட்டால் அந்தக் கணக்கு பிசகி, பாதியில் தொடங்கும் துண்டு வரிகள் திரையில் வரும். ஓட்டும்போது ராட்13-க்கான '-எக்ஸ்' தெரிவை மறந்தால் வாசிக்கவே முடியாத எழுத்துக் குவியல் வரும். கோப்பையே நீக்கிவிடலாம் என்றால், 'யூஎஸ்ஆர்/ஷேர்' அடைவில் உள்ளவற்றைப் பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி, நிர்வாகியின் மாற்றங்களைக் காக்கும் உள்ளமைவுக் கோப்புகளாகக் கருதுவதில்லை. பொதி இன்னும் களஞ்சியத்தில் இருந்தால், அதன் அடுத்த பதிப்பு வந்ததும் நீக்கியது சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். தடுக்க வேண்டுமானால் டிபிகேஜி உள்ளமைவில் 'பாத்-எக்ஸ்க்ளூட்' வரி எழுத வேண்டும். பொதியை முழுதாக அகற்றுவதே சரி. ஆனால் அது இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே! பொதிகளைத் தேடி இறக்கும் கருவியான ஆப்டின் தேடல் வடிவங்களில் அலைக்குறியோடு 'ஓ' எழுத்தைக் கொடுத்தால் களஞ்சியத்தில் இல்லாத பொதிகளின் பட்டியல் கிடைக்கும். மேம்படுத்தலுக்குப் பிறகு அதை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எத்தனை நிர்வாகிகளிடம் இருக்கும்?

இத்தனையையும் உங்கள் பக்கத்தில் ஒரே வரியில் தீர்க்கலாம். நிரலைக் கொண்ட 'ஃபார்ச்சூன்-மாட்' பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் பழைய பொதியின் பெயரைச் சொல்லி 'பிரேக்ஸ்' (இதனோடு சேர்ந்து இருக்க முடியாது) என்று அறிவித்தால், வெளியீடு மாறும்போது ஓடும் முழு மேம்படுத்தல் அதை அகற்றிவிடும். சாதாரண 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' எதையும் நீக்காது என்பதால், அதே பொதியின் மாற்றச் செய்திகளுக்கான 'நியூஸ்.டெபியன்' கோப்பில் நான்கு வரி அறிவிப்பும் எழுதுங்கள். நீக்கப்பட்ட பொதியில் எழுதிப் பயனில்லை; அதற்குப் புதிய பதிப்பே வராது. வெளியீட்டுக் குறிப்புகளில் கைவிடப்பட்ட பொதிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கும் ஒரு வரி சேரட்டும். இத்தாலிய, ஸ்பானிஷ் தொகுப்புகள் தனித்தனி மூலப்பொதிகளிலிருந்து வருபவை. ஆங்கிலத்துக்கு எடுத்த முடிவு அவற்றைத் தொடாது. எனவேதான் எல்லா மொழிகளிலும் என்று மறுபடி கேட்கிறோம்.

உங்கள் கொள்கைக் கையேட்டின் 3.1.1 பிரிவு, புண்படுத்தக்கூடிய உள்ளடக்கத்தைத் தனிப் பொதியாகப் பிரித்தால் பெயரிலேயே அடையாளம் காட்டச் சொல்கிறது. பல்வகைமை அறிக்கையைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. அதன்பின் முடிவைப் பராமரிப்பாளரின் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சம்பளமில்லாமல் உழைக்கும் ஒருவர் தனியாளாக முடிவெடுத்து, இரு தரப்பு வசையையும் தனியாளாக வாங்கிக்கொள்ள வேண்டுமா? பொதிப் பெயரில் உள்ள எச்சரிக்கையைப் படிப்பவர் நிறுவுபவர் ஒருவர்தான். உரையோ அந்தக் கணினியில் உள்ள எல்லோர் முன்னும் வந்து நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கொள்கை எங்கும் கணக்கில் எடுக்கவில்லை. நன்னடத்தை விதிகளைப் பொது வாக்கெடுப்பின் மூலம் 2014-லேயே ஏற்றுக்கொண்ட திட்டம் நீங்கள். உங்கள் மடலாடற்குழுவில் எழுத முடியாத ஒரு வரியை உங்கள் பொதி பயனரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்த வகையில் நியாயம்?

வரலாறு அழியும் என்ற அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பழைய பதிப்புகள் உங்கள் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆய்வாளர் அங்கே எடுத்துக்கொள்ளலாம். 2017-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் செய்ததைப் போலவும் நாங்கள் கேட்கவில்லை. அங்கே இழிவுரைகளோடு சாதுவான மேற்கோள்களும் அடிப்படை அமைப்பிலிருந்து போயின. பயன்பாட்டுக் குறிப்புக் கோப்பு மட்டும் மிஞ்சியது. அது தேவைக்கு மீறிய வெட்டு. திரையில் மாடு பேசுவதுபோல் காட்டும் வேடிக்கை நிரலும் பழைய விளையாட்டுகளும் டெபியனின் குணத்தில் ஒரு பங்கு, அவை இருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த வெளியீட்டுக்கான உறைநிலை (புதிய மாற்றங்களை நிறுத்தும் கட்டம்) தொடங்கும் முன்பு இழிவுத் தொகுப்புகளை எல்லா மொழிகளிலும் வாசித்துப் பார்த்து விலக்குமாறும், 'பிரேக்ஸ்' வரியையும் அறிவிப்பையும் சேர்க்குமாறும், 3.1.1 பிரிவில் நீக்கும் முறையையும் எழுதிவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒட்டுக்கோப்பு (மாற்றங்களை எழுதிய கோப்பு) தேவையென்றால் எழுதித் தர அணியமாக இருக்கிறோம்.

நன்றியுடன்,
பொதுக் கணினிகளில் டெபியனைப் பராமரிக்கும் நிர்வாகிகள் சிலர்