சிங்கம் காட்டிய வருஷம்

சிவகங்கை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதாதது என் தப்பு, மன்னித்துவிடு. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? லெட்சுமிக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

பெரிய வீட்டுக் கைத்துப்பாக்கி நினைவிருக்கிறதா? ஆயுத பூஜையன்று அத்தை அசந்த நேரம் பார்த்துத் தூக்கி, கனம் தாங்காமல் பாயசப் பாத்திரத்தின் மேல் போட்டாயே, அதுதான். பாத்திரத்தின் நசுங்கல் இன்னும் அப்படியே இருக்கிறது! பாகப்பிரிவினையில் துப்பாக்கி என்னிடம் வந்தது. முதல் வேலையாக அது என்னிடம் இருக்கும் விவரத்தைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதன் கதைதான் உனக்கு மனப்பாடமாயிற்றே. 1801-இல் காளையார்கோவில் சண்டையில் எங்கள் முப்பாட்டனார் கம்பெனி அதிகாரியின் இடுப்பிலிருந்து பறித்தது.

போன வாரம் அதன் பக்கத் தகட்டைத் துடைக்க உட்கார்ந்தேன். எத்தனையோ ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. உப்புத்தாள் போட்டால் எழுத்து, குறி எல்லாம் போய்விடும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பிடியின் பித்தளை வழவழத்துப் போயிருக்கிறது. அதனால் தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மூன்று நாள் மெல்லச் சுரண்டினேன். முதலில் ஒரு வால் தெரிந்தது. பிறகு பின்னங்கால்கள். கடைசியில் கிரீடத்தை ஏந்தி எழுந்து நிற்கும் சிங்கம், கட்டைவிரல் நகத்தளவில். அந்த ராத்திரி நேரத்திலும் லெட்சுமியை எழுப்பிக் காட்டினேன்.

சந்தோஷம் மறுநாள் வரைதான். கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் முதலில் பொறித்தது இதய வடிவ முத்திரை. நான்காகப் பிரித்த இதயத்துக்குள் கம்பெனிப் பெயரின் எழுத்துகள், உச்சியில் 4 போன்ற ஒரு குறி. அதன் இடத்தில் சிங்கம் வந்தது 1808 வாக்கில். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. கணக்கு உதைக்கிறது, சண்முகம்.

தகட்டைப் பிற்பாடு மாற்றியிருக்கலாமே என்பாய். நானும் அந்த நம்பிக்கையில்தான் திருகாணிகளைக் கழற்றினேன். தகடு மரத்தில் மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்துகிறது. தகட்டின் உட்புறத்திலும் திருகாணிகளிலும் ஒரே மாதிரி இரண்டு கீறல்கள். ஒன்றுக்கொன்று இணையென்று செய்தவன் போட்ட அடையாளம். 1840-களில் கம்பெனிப் படைக்கு, கல்லுக்குப் பதில் மருந்து அடைத்த சிறு உலோகத் தொப்பி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் வந்தன. இதன் குதிரை இன்னும் சிக்கிமுக்கிக் கல்லைத்தான் கவ்வியிருக்கிறது. ஆக, அதற்கும் 1808-க்கும் இடைப்பட்டது.

முப்பாட்டனார் அந்தச் சண்டையில் நின்றிருக்கலாம். அதை இந்தச் சிங்கம் மறுக்கவில்லை. ஆனால் அவர் பெயரை நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை உச்சரிப்பதே இந்தத் துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கும்போதுதான். கதையிலிருந்து இதை எடுத்துவிட்டால் அவரும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எண்பத்தெட்டு வயதில் அத்தை நேற்று போனில் கேட்டார்: "துடைத்தாயா? பெரிய மருது காலத்துப் பொருளப்பா, பத்திரம்." துடைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன் நீ. அத்தையிடம் சொல்வதா, வேண்டாமா? புதன்கிழமை வருகிறார். அதற்குள் எழுது, அல்லது நீயே உன் பூதக்கண்ணாடியோடு வந்துவிடு. குழலின் அடியில் ஏதோ எண் இருக்கிறது, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

உன்,
முத்து