கூட்டத்துக்குப் போ, வரைபடத்தைக் கேள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நம் ஸ்லைடு ரூலைப் பிடுங்கி விளையாடிய பெண், இனி கட்டட வரைபடங்களில் கையெழுத்துப் போடுவாள்! என் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது, பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நீ அனுப்பிய அறிவிப்பையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன்.

உன் நிலத்தின் வழியாக 400 கிலோவோல்ட் மின்பாதை வரப்போகிறது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். "எல்லாம் கண்துடைப்புதானே, போய் என்ன ஆகப்போகிறது?" என்கிறாய். இத்தகைய கூட்டங்களில் பல வருடம் மேடைப் பக்கம் உட்கார்ந்தவன் நான். கண்துடைப்பாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன், ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டுத் தடமே விலகிப் போனதையும் பார்த்திருக்கிறேன். யார் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்பதால் அது முடிவாகவில்லை. எந்தக் கட்டத்தில் கூட்டம் நடந்தது என்பதே பாதியைத் தீர்மானித்துவிடும்.

முதலில், எந்த இரண்டு துணை மின்நிலையங்களை இணைப்பது என்று மின்பளுக் கணக்கு சொல்லும். அப்புறம் அவற்றுக்கு நடுவே அகலமான ஒரு நிலப்பட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குள் இரண்டு மூன்று தடங்கள் வரைவார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அளவைக்காரர்கள் இறங்கி, ஒவ்வொரு கோபுரமும் நிற்கும் இடத்தில் முளை அடிப்பார்கள். ஒவ்வொரு படி தாண்டும்போதும் நாம் பேசி மாற்றக்கூடியது குறைந்துகொண்டே வரும். 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. எல்லா வழிகளும் இன்னும் திறந்திருக்கும் தொடக்கத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 220 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் கொண்ட, 15 கிலோமீட்டரைத் தாண்டும் மேல்நிலை மின்பாதைகளுக்கு மதிப்பீடு கட்டாயம். எல்லா நாடுகளிலும் அப்படியில்லை. இந்தியாவின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதையே கிடையாது. கடன் தரும் உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ நிபந்தனை போட்டால் கூட்டம் நடக்கும். கடன் கொடுத்தவர் கேட்கிறார் என்பதற்காக மட்டும் கூட்டுகிற கூட்டத்தில் வருகைப் பதிவேட்டுக்குத்தான் மரியாதை அதிகம். யார் வந்தார்கள் என்று இருக்கும்; என்ன சொன்னார்கள் என்று தேடினால் கிடைக்காது.

ஆகவே நீ எழுந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இன்றைய தேதியில் இன்னும் முடிவாகாமல் இருப்பது எது?" மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பரவாயில்லை, பதில் வரும்வரை உட்காராதே. தடமே முடிவாகவில்லை என்றால் பேச்சு வேறு. முளை அடித்தாயிற்று என்றால் பேச்சு வேறு.

அடுத்தது, சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் மாற்றுத் தடங்கள் பற்றிய அத்தியாயம். அறிக்கை நானூறு பக்கம் இருந்தாலும் நான் முதலில் புரட்டுவது அதைத்தான். பெரும்பாலும் மூன்று தடங்கள் இருக்கும். ஒன்று நேராக ஏரிக்குள் போகும், இன்னொன்று சரணாலயத்தைக் குறுக்கே வெட்டும், மூன்றாவது மட்டும் "எல்லா வகையிலும் உகந்தது". தோற்பதற்கென்றே வரைந்த கோடுகள் அவை. உண்மையாகவே யோசித்திருந்தால் மூன்றிலும் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும், எதை எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்று எழுதியிருப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் மின்பாதையை ஒட்டியோ நெடுஞ்சாலையை ஒட்டியோ கொண்டுபோக முடியுமா, பழைய தடத்தின் கம்பியையே மாற்றி அதிக மின்சாரம் அனுப்ப முடியுமா என்றெல்லாம் பார்த்திருக்கிறார்களா என்று கவனி. அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால், இல்லை என்பதையே உன் கருத்தாக எழுதிக் கொடு.

"பூமிக்கடியில் கொண்டுபோகக் கூடாதா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மேடையில் "செலவு அதிகம்" என்ற இரண்டு வார்த்தைதான் பதிலாக வரும். அது பொய்யில்லை, ஆனால் முழு பதிலும் இல்லை. மாறுமின்னோட்டத்தை (ஏ.சி.) நீளமான கேபிளில் அனுப்பினால் கேபிளே மின்னேற்றத்துக்காக ஒரு பங்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடும். தூரம் கூடக் கூட மறுமுனைக்குப் போய்ச் சேருவது குறையும். நேர்மின்னோட்டத்துக்கு (டி.சி.) இந்தச் சிக்கல் இல்லை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே கிழக்குப் பிரனீஸ் மலைப்பகுதியில் மேல்நிலைக் கம்பி போட நினைத்து, மக்கள் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. இரு நாடுகளையும் இணைத்து அதற்கு முன் கடைசியாகப் போட்ட பாதை 1982-இல் போட்டது. கடைசியில் ஐரோப்பிய ஆணையம் தன் முன்னாள் ஆணையர் மாரியோ மோன்டியை ஒருங்கிணைப்பாளராக அனுப்பியது. 64.5 கிலோமீட்டரையும் நேர்மின்னோட்டக் கேபிளாகப் பூமிக்கடியில் பதிப்பது, அதில் மலையைக் குடைந்து 8.5 கிலோமீட்டர் சுரங்கம் அமைப்பது என்று முடிவானது. 2015-இல் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 70 கோடி யூரோ. ஜெர்மனியும் 2015-இல் பெரிய நேர்மின்னோட்டத் தடங்களுக்குப் புதைகேபிளே முன்னுரிமை என்று சட்டம் மாற்றியது. உடனே விவசாயிகள், கேபிள் சூட்டில் மண் காயுமே, அகழி தோண்டினால் மேல்மண் கெடுமே என்று கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதான். கேபிளுக்கு மேலே ஆழமாக வேர்விடும் மரம் வைக்க முடியாது, பழுது வந்தால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே "புதைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கோஷம் போடாதே. எந்தத் துண்டில் புதைக்கலாம், ஏன் அங்கே என்று கேள்.

பறவைகள் விஷயம் நீயே எழுதியிருந்தாய். மின்னலைத் தாங்கித் தரைக்கு அனுப்பக் கோபுர உச்சியில் போகும் பூமிக்கம்பி மெல்லியது, பறவைகள் பெரும்பாலும் அதில்தான் மோதுகின்றன. கீழே இருக்கும் தடித்த கம்பிகளைக் கண்டு மேலே ஏறும், அங்கே இது இருக்கும். புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறுகலானது. தரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தபடி பறந்தால் முன்னால் இருப்பது தெரிவதே இல்லை. உடலும் கனம், சட்டென்று திரும்ப முடியாது. அதனால்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அதன் வாழிடங்களில் மின்பாதைகளைப் புதைக்கச் சொன்னது. பிறகு 2024 மார்ச்சில் அந்தப் பொதுவான உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது. உன் பகுதிக்கு எந்தப் பறவை எந்த மாதம் எந்த உயரத்தில் வருகிறது என்பது ஒரே பருவத்தில் வந்து கணக்கெடுத்துப் போன குழுவுக்குத் தெரியாது. ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அவரைக் கூட்டத்துக்கு அழைத்து வா.

உடல்நலக் கேள்வி வரும்போது மேடை நெளியும். "புற்றுநோய் வருமா?" என்று கேட்டால் "ஒன்றும் வராது" என்பார்கள், கேட்டவர் நம்பமாட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம், அது அவ்வளவு பயங்கரமும் இல்லை. மின்பாதையைச் சுற்றி உண்டாவது போன்ற குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற வரிசையில் வைத்தது. காந்தப்புலம் 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் சராசரியாக இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டியதே காரணம். அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. சர்வதேச வழிகாட்டி 2010-இல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பார். "வரம்புக்குள் இருக்கிறது" என்ற பதிலோடு விடாதே. "எங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு இருக்கும், கணக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேள். கம்பியிலிருந்து தள்ளிப் போகப் போகப் புலம் வேகமாகக் குறையும். ஆகவே தடத்தை வீடுகளை விட்டு நகர்த்தச் சொல்வது வீண் பேச்சில்லை.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது கோபுரம் நிற்கும் இடத்தைப் பற்றி. தடம் முடிவாகிவிட்டாலும் அங்கே உனக்கு ஒரு பிடி இருக்கும். 400 கிலோவோல்ட்டில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே பொதுவாக 300 முதல் 400 மீட்டர் இருக்கும். நேர்கோட்டில் வருகிற கோபுரத்தை அதே கோட்டில் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுவது அவர்களுக்குப் பெரிய சிரமமில்லை. கோடு திரும்புகிற இடத்துக் கோபுரம்தான் கனமானது, செலவானது, அதை அசைக்கமாட்டார்கள். நிலத்து நடுவில் நிற்க வேண்டியது வரப்போரம் நின்றால் உழவுக்குத் தொல்லை பாதியாகும்.

வெள்ளம் எந்த வழியாக வடியும் என்று காட்டு. செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது. கிணற்றைக் காட்டு. மோட்டாரை வெளியே தூக்க முக்காலி நிறுத்தி நீளமான குழாயைச் செங்குத்தாக இழுப்பீர்களே, அதற்கு நேர் மேலே கம்பி போனால் என்ன ஆகும்? இந்த மின்னழுத்தத்துக்குக் கம்பி தரையிலிருந்து ஒன்பது மீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருந்தால்கூட விதிப்படி சரி என்கிற நாடுகள் உண்டு. உச்சி வெயிலில், பளு அதிகமாக ஓடும்போது, கம்பி நீண்டு தொய்யும். குறைந்தபட்ச உயரத்தை அந்த நிலையில் கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேள். கம்பி வேலியை விட்டுவிடாதே. மின்பாதைக்கு இணையாக நீளமாக ஓடும் வேலியில் தொடாமலேயே மின்னழுத்தம் ஏறும், ஈரக்கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். வேலியை ஆங்காங்கே தரையோடு இணைத்துத் தருவது அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கு.

இழப்பீட்டைப் பற்றித்தான் கூட்டத்தில் பாதி நேரம் போகும். அது வேறு அலுவலகம், வேறு சட்டம் என்று மேடை நழுவும். அதற்கு ஒரு தனி நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, இந்த நேரத்தைத் தடத்துக்கும் கோபுரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீ சொன்னது பதிவாக வேண்டும். வாயால் சொன்னதை யாரோ சுருக்கி "மக்கள் சில ஐயங்களை எழுப்பினர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எழுதிக் கொடு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கு, இறுதி அறிக்கையில் உன் கருத்துக்கு எதிரே அவர்கள் பதில் என்ன என்று தேடு. உலக வங்கி 2018 முதல் நடைமுறைப்படுத்தும் விதிகளில், யாரை எப்போது எப்படிக் கலந்தாலோசிப்பது என்ற திட்டமும் குறை சொல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும் என்று தனித் தரநிலையே உண்டு. ஸ்காட்லாந்தில் பியூலி முதல் டெனி வரை 220 கிலோமீட்டர் மின்பாதை 2007-இல் பொது விசாரணைக்குப் போய், 2010 ஜனவரியில் அனுமதி பெற்று, 2015-இல் முடிந்தது. எதிர்த்தவர்கள் அதை நிறுத்தவில்லை. ஆனால் அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. பதிவில் எழுத்தாக இருந்ததே நிபந்தனையாக மாற முடியும்.

இன்னொன்று. கூட்டம் பகல் பதினோரு மணிக்கு என்று போட்டிருக்கிறது. குத்தகைக்கு உழுபவர்கள், கூலிக்குப் போகும் பெண்கள், மேய்ச்சல்காரர்கள் யாரும் வரமுடியாத நேரம். நிலப் பட்டாவில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் கடிதம் போயிருக்கும். பெண்களுக்குத் தனியாக, மாலையில் ஒரு கூட்டம் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேட்டுவிடு. அன்றைக்கு வந்து கேட்டால் "அடுத்த முறை பார்க்கலாம்" என்பார்கள்.

தடத்தின் வரைபடத்தை அலுவலகத்தில் பார்க்க விடுவார்கள். தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. உன் கிணறு, வீடு, வாய்க்கால் மூன்றையும் அதில் குறித்து அனுப்பினால், கோபுரத்தை எந்தப் பக்கம் தள்ளச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி போனில் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்