பதினெட்டை மற, ஒன்பதில் தொடங்கு

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. டென்மார்க்கில் உன் ஊரிலும் ஒரு ஃபுட்டி கிளப், அதாவது நம் ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு ஒரு கிளப், வரப்போகிறது என்பதில் மகிழ்ச்சி. ஆனால் "ஆஸ்திரேலியர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள், அவர்களை வைத்தே ஓட்டிவிடலாம்" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரி உறுத்துகிறது. அவர்கள் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள். இரண்டு மூன்று வருடத்தில் மூட்டை கட்டுவார்கள். பந்து, கோன், வங்கிக் கணக்கு, மைதானக் காவலாளியின் போன் நம்பர் எல்லாம் அவர்கள் கையில் இருந்தால் கிளப்பும் அவர்களோடு விமானம் ஏறிவிடும்.

பசிபிக் தீவான நவுருவைப் பார். 1930களில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் படிக்கப்போன நவுரு மாணவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பின்னாளில் முதல் குடியரசுத் தலைவரான ஹேமர் டிரோபர்ட் அவர்களில் ஒருவர். இன்று அந்தத் தீவின் தேசிய விளையாட்டே அதுதான். நியூசிலாந்தோ 1908இல் மெல்பர்னில் நடந்த கார்னிவல் என்ற போட்டித்தொடருக்கு அணி அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஆட்டமே மறைந்துபோய், 1970களில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 2002இல் மெல்பர்னில் சர்வதேசக் கோப்பை தொடங்கியபோது, அந்தந்த நாட்டில் வளர்ந்தவர்கள்தான் ஆடலாம் என்று விதி வைத்தார்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் ஆஸ்திரேலியருக்கு இடமில்லை. நல்ல விதி. உன் கிளப்புக்கும் ஒன்று வைத்துக்கொள்: செயலாளரும் பொருளாளரும் டேனிஷ்காரர்களாகவே இருக்கட்டும். ஆஸ்திரேலியர் பயிற்சி கொடுக்கட்டும், ஆனால் பக்கத்தில் ஓர் உள்ளூர்க்காரர் நின்று கற்றுக்கொண்டே இருக்கவேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. அணிக்குப் பதினெட்டுப் பேர், 135 முதல் 185 மீட்டர் நீள ஓவல் என்று கனவு காணாதே. அவ்வளவு பெரிய புல்வெளி ஐரோப்பாவில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் முப்பத்தாறு பேரைச் சேர்ப்பதற்குள் ஆசையே வற்றிவிடும். ஒன்பது பேர் ஆட்டம்தான் சரி. 2005இல் லண்டனில் ஐரோப்பியக் கோப்பையைத் தொடங்கியதும் அணிக்கு ஒன்பது பேர் என்ற கணக்கில்தான். ஒன்பது பேர் களத்தில், மூன்று நான்கு பேர் வெளியே. அதற்கு உறுப்பினர் இருபத்தைந்து பேராவது வேண்டும். ஒரு சனிக்கிழமைக்குப் பாதிப் பேர் வந்தாலே பெரிது. புதிதாக வருபவருக்கும் இதுதான் நல்லது: பதினெட்டில் அவர் ஓரமாக நின்று பந்து வருமா என்று பார்த்திருப்பார், ஒன்பதில் நிமிடத்துக்கு ஒரு தரம் பந்து அவரைத் தேடி வரும்.

மைதானத்துக்கு உங்கள் ஊர் சாக்கர் மைதானமே போதும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாரும் சொதப்புகிற இடம் இது. நம் ஆட்டத்துக்கு நான்கு கம்பம், ஒவ்வொன்றுக்கும் நடுவே 6.4 மீட்டர். மொத்தம் 19.2. நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி; ஓர இடைவெளியில் போனால் பிஹைண்ட், ஒரு புள்ளி. சாக்கரில் கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் சின்னப் பெட்டியின் அகலம் 18.32 மீட்டர். அந்தப் பெட்டியின் முன்கோட்டின் மேலேயே கம்பங்களை நிறுத்து. வெளிக்கம்பங்கள் இரண்டும் பெட்டி முனைகளிலிருந்து 44 செ.மீ. வெளியே. உள்கம்பங்கள் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் 3.2 மீட்டரில். அளவுநாடாவை ஒருமுறை ஓட்டி, அதே நீளத்துக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த வாரத்திலிருந்து ஐந்து நிமிட வேலை. சாக்கர் கோல் ஐந்தரை மீட்டர் பின்னால் தள்ளி நிற்கும். ஓடிவருபவர் இரும்பில் மோத மாட்டார், பந்தையும் வலை பிடித்துக்கொள்ளும். 105 மீட்டர் மைதானம் 94 ஆகும், பரவாயில்லை.

கம்பத்துக்கு 50 மி.மீ. பிவிசி குழாய்: உள்ளே இரண்டும் நான்கு மீட்டர், வெளியே இரண்டும் மூன்று. செயற்கைப் புல்லில் குழி தோண்ட விடமாட்டார்கள், அதனால் மணல் நிரப்பும் பெரிய வெயில்குடை அடித்தளத்தில் செருகு. காற்றில் குழாய் வளையும். அடிப்பாதியில் ஒரு மரக்கோலை உள்ளே விட்டால் நிற்கும். இது அழகுக்காக இல்லை. உதைத்த பந்து உள்கம்பத்தில் பட்டால் ஆறு புள்ளி போய் ஒரு புள்ளிதான்; கம்பம் ஆடிக்கொண்டிருந்தால் பட்டதா இல்லையா என்று சண்டை வரும். கம்பத்தையும் அடித்தளத்தையும் சேர்த்து நுரை சுற்று. மூலைகளைக் கோன் வைத்து வளைவாக வெட்டிவிடு. சதுர மூலையில் பந்து மாட்டினால் ஆறு பேர் அதன்மேல் விழுந்து ஆட்டம் செத்துவிடும்.

பந்து: ஆண்களுக்கு 5ஆம் எண், பெண்களுக்கு 4. மூன்று பேருக்கு ஒன்று என்று வை. தோல் பந்து இரண்டு போதும், ஆட்டத்துக்கு மட்டும். பயிற்சிக்குச் செயற்கைத் தோல். காற்று 62 முதல் 76 கிலோபாஸ்கல். தோல் பந்து நனைந்தால் நிழலில் உலர்த்து. ஹீட்டர் மேல் வைத்தால் வெடிப்பு விடும். பந்து வரும்வரை ரக்பி பந்தை வைத்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ரக்பி பந்தின் குறுக்குச் சுற்றளவு 58 செ.மீ.க்குக் குறையாது, நம்முடையது 55தான். கை அந்தப் பருமனுக்குப் பழகிவிட்டால் பிறகு பந்தை விடும் விதமே கெட்டுப்போகும்.

விடுவது என்றேனே, டிராப் பன்ட்டில், அதாவது பந்தைக் கையிலிருந்து விட்டுத் தரை தொடுமுன் உதைக்கும் நம் வழக்கமான உதையில், எல்லாம் அதுதான். புதியவர்கள் சாக்கர் கோல்கீப்பர் மாதிரி இரண்டு கையாலும் பந்தை மேலே தூக்கிப்போட்டு உதைப்பார்கள். பந்து படுத்துக்கொண்டு வரும், பக்கவாட்டில் சுழன்று எங்கோ போகும். திருத்த வேண்டியது காலை இல்லை, கையை. இரு பக்கமும் விரல் விரித்துப் பிடிக்கவேண்டும், தையல் கட்டு முன்னே பார்க்க. வலதுகால்காரருக்கு இடதுகை முதலில் விலகும். வலதுகைதான் இடுப்பு உயரத்திலிருந்து பந்தைக் கால் வரைக்கும் கொண்டுபோய் விடும். கால்விரல் நீட்டியபடி கீழ்முனையில் பட்டால் பந்து பின்சுழற்சியோடு நேராகப் போகும். முதல் பத்து நிமிடம் உதையே வேண்டாம்: பந்தைத் தரையில் விடச் சொல். முனை சரியாகப் பட்டால் அது எகிறித் திரும்பக் கைக்கே வரும், தவறினால் ஓடிப்போகும். பந்தே வாத்தியார். பிறகு பத்து மீட்டர், பிறகு பதினைந்து. உதைத்த பந்தைத் தரை தொடுமுன் பிடித்தால் மார்க், தடையின்றி உதைக்கலாம்; ஆனால் பதினைந்துக்குக் குறைந்த உதையைப் பிடித்தால் மார்க் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

பந்தைக் கையால் குத்திக் கொடுப்பதை நாம் ஹேண்ட்பால் என்போம்; அந்தச் சொல்லை மட்டும் அங்கே தவிர். டேனிஷ்காரருக்கு அது வேறு ஆட்டம், எறிந்துவிடுவார்கள். (நம் கைப்பந்தும் உதவாது, அது வாலிபால்.) 'குத்து' என்று சொல்: ஒரு உள்ளங்கையில் பந்து, மறுகையின் மூடிய முஷ்டியால் குத்து. எறிந்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

ஆனால் ஆள் தேட அந்த ஹேண்ட்பால் கிளப்புகளுக்கே போ. உடலோடு உடல் உரச அஞ்சாதவர்கள், பந்து கையில் ஒட்டும். கூடைப்பந்துக்காரர் உயரே பிடிப்பார், தரையில் உருளும் பந்துக்குக் குனியமாட்டார். ரக்பிக்காரர் டேக்கிளில் (ஆளைப் பிடித்து நிறுத்துவதில்) புலி, ஆனால் பந்துக்குப் பின்னாலேயே நிற்பார். நம் ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது, பந்துக்கு முன்னாலும் நிற்கலாம் என்று மூளைக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரிய ஒரு மாதமாகும். எல்லாருக்கும் பொதுவான தவறு பின்னாலிருந்து முதுகில் தள்ளுவது. டேக்கிள் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே என்பதை முதல் மாதம் முழுக்கக் கட்டிப்பிடிப்பாகவே பழக்கு, கீழே தள்ளவே வேண்டாம். கூடைப்பந்திலிருந்து வந்த அமெரிக்கர் மேசன் காக்ஸ் 2023இல் ஆஸ்திரேலியாவின் காலிங்வுட் கிளப்போடு ஏ.எஃப்.எல். லீக் கோப்பை வென்றதைச் சொல்லி ஆசை காட்டலாம், தப்பில்லை. ஆனால் அவர் முழுநேரப் பயிற்சியில் வளர்ந்தவர் என்பதை நீ மறந்துவிடாதே.

நடுவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல் நாளிலிருந்தே இரண்டு பேரை விசிலுக்கு ஒதுக்கு. அடிபட்டு உட்கார்ந்திருப்பவர் நல்ல நடுவராவார். ஆட்டத்தைத் தொடங்க, மைதான நடுவில் பந்தைத் தரையில் அடித்து எழுப்ப முயலாதே. செயற்கைப் புல்லில் அது எப்படி எகிறும் என்று சொல்லமுடியாது, நேராக மேலே வீசச் சொல். கோல் நடுவருக்கு இரண்டு வெள்ளைக் கொடி கொடு: கோலுக்கு இரண்டும், பிஹைண்டுக்கு ஒன்றும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் அந்தக் கொடிக்காகவே அடுத்த வாரமும் வருவார்கள்.

ஒரே கிளப்பாக இருந்து மற்ற ஊரின் தயவில் காத்திருக்காதே. இருபத்தைந்து பேர் ஆனதும் உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்து ஆடவிடு, புள்ளிப்பட்டியலும் போடு. ஜூன், ஜூலையில் அங்கே இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கிறதே, வார நாளிலேயே நடத்தலாம்.

உங்கள் ஊர்க் குடை அடித்தளத்தில் துளை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுது. 50 மி.மீ. குழாய் நுழையாவிட்டால் 40 மி.மீ. வாங்கி உள்ளே மரக்கோலை நீளமாக விடவேண்டியிருக்கும். பம்ப் ஊசி ஆறு இந்தக் கடிதத்தோடு வருகிறது. அதுதான் முதலில் தொலையும்.

அன்புடன்,
ரவி