அம்மாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அம்மாவுக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, எல்லாம் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீ பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்தாலும், டாக்டர் போன் வந்ததும் பால்கனிக்குப் போய் இங்கிலீஷில் பேசினாலும், தன் உடம்பு போகிற போக்கு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது என்னிடம் கேட்டார், "நான் போயிட்டா இவன் வேளைக்குச் சாப்பிடுவானா?" என்று. இதை உன்னிடம் கேட்க முடியவில்லை அவருக்கு. ஆரம்பித்தாலே நீ, "சும்மா இரும்மா, அடுத்த மாசம் எழுந்து நடக்கப்போறே" என்று சொல்லிவிடுகிறாய். தைரியம் கொடுப்பதாகத்தான் நினைக்கிறாய், ஆனால் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இந்தப் பெங்களூர் அல்சூரில் நான் பார்த்த எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது, அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நீ போய் எதையும் அறிவிக்க வேண்டாம். அடுத்த முறை அவர் பேச்செடுத்தால் தடுக்காதே, அவ்வளவுதான். "பயமா இருக்காம்மா?" என்று கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு. பதில் வர நேரமாகலாம். அழுகை வந்தால் அழு, அவர் முன்னால் அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் முதலில் வலி அடங்க வேண்டும். வலியில் துடிக்கிறவருக்கு மகனும் தெரியாது, சாமியும் தெரியாது. டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை, போதைக்குப் பழகிவிடும் என்று பயந்து உன் சித்தப்பா தள்ளிப்போடச் சொல்கிறாராமே, கேட்காதே. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடு, வலி ஏறிய பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதே. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்கு. மாரத்தஹள்ளி பக்கம் குந்தலஹள்ளியில் இருக்கிற கருணாஷ்ரயாவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய், குணமாக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்க்கிறார்கள், வீட்டுக்கு வந்து பார்க்கிற ஏற்பாடும் உண்டு. அங்கே கூப்பிட்டால் அம்மாவைக் கைவிட்டதாக ஆகாது. சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள், பேசட்டும்.

சாப்பாடு விஷயமும் அப்படித்தான். உடம்பு விடைபெறத் தொடங்கினால் பசியும் போய்விடும், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடக்கூடும். பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்து. கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று பால் ஊற்ற வருவார்கள், உதட்டில் தொட்டு வைத்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவை.

வெண்டிலேட்டர் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கும்போது உறவுகள் ஆளுக்கொன்று சொல்லும். அக்காவின் விருப்பத்தை இப்போதே கேட்டுக்கொள். தன் முடிவை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது, 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்புறம், அக்காவை அரிக்கிற ஒரு பயம். கடைசி நேரத்தில் பெருமாள் பேர் வாயில் வருமா, நினைவு தப்பிவிட்டால் என்ன கதி என்று கேட்கிறார். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதே, அவருக்கு வலியைவிட இது பெரிசு. பெரியாழ்வாருக்கே இந்தப் பயம் இருந்தது, அந்த நேரத்தில் உன்னை நினைக்க முடியாமல் போகலாம் என்றுதான் "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்று அரங்கனிடம் பாடி வைத்தார். தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாசுரத்தைச் சொல். உனக்கு நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும், இது உன் நம்பிக்கைக்காக இல்லை. கண் மூடி, பதில் பேச்சு நின்ற பிறகும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள், அதனால் அப்போதும் நிறுத்தாதே. கட்டிலைச் சுற்றி நின்று நகைக் கணக்குப் பேசுகிறவர்களை ஹாலுக்கு அனுப்பு.

நம் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் மண்ணாசை என்று சொல்லி ஊர் மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். அதுவரை போவானேன்? அவர் மனசில் இருப்பது மண்ணே இல்லை, ஆம்பூர் மாமா. நிலத் தகராறில் பேச்சு நின்று எத்தனை வருஷம் ஆச்சு, யார் பக்கம் நியாயம் என்று இப்போது பார்க்காதே. நீயே போன் பண்ணு. காலையில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். அக்கா தெளிவாகப் பேசுகிற நாட்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, இந்த வாரமே கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வந்து உட்காருகிறேன், அன்றைக்காவது நீ தூங்கு. தைலமும் கொண்டு வருகிறேன், கால் ஜில்லென்று இருக்கிறது, தேய்த்துவிடச் சொன்னார்.

அன்புடன்,
எதிர்வீட்டு அக்கா