சின்னக்கா, லாம்பை அனுப்பமாட்டேன்

அன்புள்ள சின்னக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கனடாவில், ஸ்காபரோவில் உங்கள் வீட்டு வாசலில் மேப்பிள் மரம் முழுதும் சிவந்து நிற்கிறது. வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததையும் வாசித்தேன். இந்த மாதம் வந்தால் அம்மாவின் அரிக்கன் லாம்புதான் ஞாபகம் வருகிறது, போகிற வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு, முன்னறையில் தட்டில் வைக்கப்போகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் லாம்பு, அம்மி, மூக்குப்பேணி என்று ஊருக்குச் சொல்லிவிடுகிற அக்காமாரும் அண்ணாமாரும் உங்களைப்போலக் கனபேர். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

லாம்பை அனுப்பமாட்டேன்.

அது உங்கள் அம்மாவின், என் பெரியம்மாவின் லாம்பு, 1990இல் நீங்கள் வெளிக்கிட்டபோது எங்கள் விறாந்தையில் கொழுவிவிட்டுப் போனது, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எல்லாம் தெரியும். மண்ணெண்ணெய் ஊறிய சாமானை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று ஒரு சாட்டைச் சொல்லித் தப்பவும் பார்த்தேன். உண்மைக் காரணம் வேறு. அந்த லாம்பு இங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இங்கே திருகோணமலையில் இப்போது ஐப்பசி. கச்சான் காற்று நின்றுவிட்டது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் அந்தக் காற்று என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமிருந்த மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, எங்களுக்கு வெறும் சூட்டை மட்டும் கொண்டுவரும். உதடு வெடிக்கும், உடுப்பு கொடியில் போட்டுத் திரும்புமுன் காயும். அது ஓய்ந்து, வாடை தொடங்குமுன் வருகிற சில கிழமைகள்தான் இவை. காலையில் காற்றே இருக்காது. மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே கன்னியாப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், பிறகு இடி. வருடத்து மழையில் பெரும்பங்கு இனித் தை வரைக்கும் விழுவதுதான்.

நிலாவெளி, உப்புவெளிக் கரை எல்லாம் வெறிச்சோடத் தொடங்கிவிட்டது. ஹோட்டல்காரர் கதிரைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றுகிற வள்ளங்களில் பாதி கரையில். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து கரையில் வாடி (குடிசை) போட்டிருந்த மீனவர்களும் கிடுகைக் கழற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். அந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது இங்கே வருவார்கள், இங்கே கொந்தளிக்கும்போது அங்கே போவார்கள். உங்கள் வீட்டுக்கு மேலால் வாத்துக்கூட்டம் தெற்கே போகிறது என்று எழுதியிருந்தீர்களே, எங்களுக்கு அந்தப் பயணம் லொறியில் நடக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்களுக்கு இது அறுவடை முடிந்து எல்லாவற்றையும் மூடிக் கட்டுகிற காலம். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி சொல்லும் நாள் கொண்டாடிப் பூசணிக்காயை வாசலில் வைக்கிறீர்கள். இங்கே தம்பலகாமத்தில் இப்போதுதான் பெரும்போகத்துக்கு வயலை உழுகிறார்கள். விதைப்பு இனித்தான், அறுவடை மாசி பங்குனியில். பழைய சாமானைத் தட்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதும், பரணிலிருந்து இறக்கித் துடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதும் இதனால்தானோ என்று நினைத்தேன். இலை சிவக்கிற விஷயமும் அப்படித்தான். பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் உடைந்து, அடியில் முதலிலேயே இருந்த மஞ்சள் வெளியே தெரியும், சிவப்பு மட்டும் அப்போது புதிதாக ஊறுகிறது என்று உங்கள் மகன் எனக்கு வகுப்பு எடுத்தான். எங்கள் ஊரில் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். மரத்துக்கு எப்படித் தெரியும்? மதிலோரத்து வாதுமை மட்டும் அவ்வப்போது இலையைச் சிவப்பாக்கி முற்றத்தில் கொட்டும். அதுவும் மாதம் பார்க்காது, தன் இஷ்டத்துக்கு.

சரி, லாம்புக்கு வருகிறேன்.

ஆயுதபூசைக்கு முதல்நாள் அதை இறக்கினேன். இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகிற குழாய் இருக்கிறதல்லவா, சின்ன வயதில் அதைப் பிடி என்று நினைத்துத் தூக்கி நாம் வாங்கிய ஏச்சு ஞாபகமா? அது பிடி இல்லை. காற்று நேரே வந்து சுவாலையில் அடிக்காமல் அந்தக் குழாய் வழியாகச் சுற்றி இறங்கித்தான் திரிக்குப் போகிறது. அதனால்தான் வாடை அடிக்கிற விறாந்தையிலும் அது நின்று எரியும். திரியை நேராக வெட்டி இரண்டு மூலையையும் கொஞ்சம் நறுக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் சிம்னி ஒருபக்கம் கறுக்கும். சிம்னி துடைக்கப் பெரியம்மா சாம்பல் எடுப்பா. இப்போது விறகடுப்பு இல்லை, பழைய பேப்பரைக் கசக்கித் துடைக்கிறேன். அதுவே போதும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியது. அன்றைக்குக் கரண்ட் போன பிறகு எங்கள் வீட்டில் எரிந்தது அதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் அதுதான். அதற்காக நான் ஏதோ மின்சாரத்தைத் துறந்துவிட்டு இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சார்ஜ் லைட் இரண்டு வைத்திருக்கிறேன். முதல் நாலைந்து மணித்தியாலத்துக்கு அதுதான் வசதி. அதில் சார்ஜ் இறங்கின பிறகுதான் லாம்பின் முறை. மண்ணெண்ணெயும் முந்தி மாதிரி மலிவில்லை. அதே 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அப்போது கரையில் வள்ளக்காரர் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால், லாம்பைக் கொளுத்தவே கை கூசியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்கக்கூடாது. லாம்பு வெளிச்சத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் என்று எழுதியிருந்தீர்கள். பாட்டி கதை சொன்னது, கச்சான் கடலை உடைத்துக் கோதைக் குவித்தது, சுவரில் கையால் மான் காட்டியது, எல்லாம் உண்மை. ஆனால் 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகும் அதே லாம்புதான் எரிந்தது. திரியை ஒரு பொட்டளவுக்கு இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் நாய் குரைக்கிறது என்று கேட்டுக்கொண்டு இருந்தோம். நீங்கள் போன பிறகு அந்த இரவுகள் எங்களுக்குத் தொடர்ந்தன. அதனால் எனக்கு லாம்பு என்றால் நிம்மதி மட்டும் இல்லை. ஒரு வேலைக்காரச் சாமான். வெளிச்சம் வேண்டுமா, தருகிறது. வேலை இருக்கிற வரைக்கும்தான் பழைய சாமானால் மனதுக்கு ஆறுதல் என்று நான் நினைக்கிறேன். தட்டில் ஏறிவிட்டால் அதுவும் ஒரு படம்தான். படம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எல்லாப் பழசையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அம்மி கோடியில் கிடக்கிறது, நான் மிக்ஸியில்தான் அரைக்கிறேன். அம்மியில் அரைத்த சம்பல் ருசி என்று சொல்கிற ஆண்கள் ஒருவரும் அதில் அரைத்துப் பார்த்ததில்லை. விறகடுப்புப் புகை பெரியம்மாவின் கண்ணை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும்.

றேடியோ மட்டும் விதிவிலக்கு. அதை நான் விடமாட்டேன். போனில் காலநிலை வரும், வரைபடம் வரும், எல்லாம் சரி. ஆனால் சிக்னல் கோபுரமும் கரண்டில்தான் நிற்கிறது. பற்றரி றேடியோவில் "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில்" என்று தொடங்கினால், கடலுக்குப் போகாத நானும் சமையலை விட்டுவிட்டுக் காது கொடுப்பேன். அப்பா காலத்துப் பழக்கம். காற்றின் வேகம் எத்தனை கிலோமீற்றர் என்று சொல்லி முடித்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் கதைக்கலாம். (ஜெர்மன் வானொலி எங்கள் ஊரில் ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது ஞாபகமா? 2013இல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.)

கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் ஞாபகம் வந்திருக்கும், இந்தக் கிழமைகளில் வராமல் இராது. மழை தூறத் தூற, விடியக் காலையில், ஏழு கிணற்றிலும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றுவோம். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம், எது ஆகச் சூடு என்று உங்களுக்கும் சின்னண்ணாவுக்கும் சண்டை வரும். வெயில் காலத்தில் சுற்றுலாக்காரர் வந்து வெந்நீரில் குளிப்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மாதம் கார்த்திகை. பெரியம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்கும் அங்கேதான் போனோம். நீங்கள் வரமுடியாமல் போன அன்றும் மழைதான். வெறுங்காலுக்கு அந்தக் கல் சூடாக இருந்தது.

லாம்புக்குப் பதிலாக என்ன அனுப்புகிறேன் என்று கேட்பீர்கள். கிழக்கு வீதி மச்சான் மார்கழியில் வருகிறார், அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். அதில் நீத்துப்பெட்டி ஒன்று, பனையோலையில் இழைத்தது. புட்டு அவித்துவிட்டுக் கழுவி நிழலில் காயவிடுங்கள், பாத்திரம் கழுவுகிற மெஷினில் போட்டுவிடாதீர்கள். ஒரு டசின் சிட்டி விளக்கு. விளக்கீட்டுக்கு இந்த முறை பிந்திவிடும், அடுத்த கார்த்திகைக்கு எடுங்கள். அங்கே பனி கொட்டினாலும் யன்னல் கட்டின் மேல் வைக்கலாம். தேங்காயெண்ணெய் அங்கே குளிருக்கு உறையும் என்பதால் நல்லெண்ணெய் ஊற்றுங்கள்.

பிறகு ஒரு மண்சட்டி. இதற்குத்தான் கொஞ்சம் பக்குவம் வேண்டும். வந்த அன்றே அடுப்பில் ஏற்றக்கூடாது. ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கவேண்டும். மறுநாள் அரிசி கழுவின தண்ணீரை நிறைய ஊற்றி மெல்லிய சூட்டில் கொதிக்கவிட்டு, அதை ஊற்றிவிட்டு, தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் எண்ணெயோடு போட்டுச் சிவக்க வறுத்துக் கொட்டிவிடுங்கள். மண் நுண்துளை உள்ளது, கஞ்சியும் எண்ணெயும் அந்தத் துளைகளில் ஏறி அடைத்தால்தான் மண்வாசம் போகும், ஒழுகாது. உங்கள் அடுப்பு கண்ணாடித் தட்டு என்பதால் அடி தட்டையானதாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். ஆகக் குறைந்த சூட்டில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டவேண்டும். சூடாக இருக்கும்போது பைப்பில் பச்சைத் தண்ணீர் பிடித்தால் அந்த இடத்திலேயே பிளக்கும். சவர்க்காரம் போடவேண்டாம், சட்டி அதையும் குடிக்கும், அடுத்த நாள் மீன்குழம்பில் நுரை மணக்கும்.

மூதூர்த் தயிர் அனுப்ப வழியில்லை. ஆனால் அதே மாதிரி மண்சட்டியில் நீங்களே உறையப் போடலாம். துளை வழியாகத் தண்ணீர் கசிந்து போவதால்தான் எங்கள் தயிர் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி நிற்கிறது, பிளாஸ்டிக் வாளியில் அது வராது. எருமைப்பால் கிடைக்காவிட்டால் கொழுப்பு எடுக்காத மாட்டுப்பாலை நன்றாக வற்றக் காய்ச்சுங்கள். தயிருக்கு எண்ணெய் காட்டாத வேறு சட்டி வேண்டும், மீன் வைத்ததில் போடாதீர்கள். அப்படியென்றால் இரண்டு சட்டியாக அனுப்பவேண்டும். மச்சானிடம் பாரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். நவம்பர் முதல் ஞாயிறு உங்கள் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். இப்போது ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அன்றிலிருந்து பத்தரை. நீங்கள் வழமைபோல இரவு ஒன்பதுக்கு எடுத்தால் இங்கே காலை ஏழரை, நான் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் நிற்பேன். எட்டுக்கு எடுங்கள்.

அன்புடன்,
அலஸ்தோட்டத்திலிருந்து உங்கள் தங்கச்சி