விளக்கைப் போட்டால் சூடாகும் ஜீப்

மோல்மீன், பர்மா,
மார்கழி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் நலமும் தங்கச்சியின் நலமும் பேரப்பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதம் கார்த்திகை முடியும் தறுவாயில்தான் கைக்கு வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு வியாசர்பாடியிலிருந்து பாரிமுனை வரை தனியாகப் பஸ் ஏறிப் போய் நம் பர்மா நூடுல்ஸ் அத்தோ தின்றுவிட்டு வந்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். முழங்காலை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வயிற்றைத் தங்கச்சி பார்த்துக்கொள்ளட்டும்.

கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், "எங்கள் ஜீப் இருக்கிறதா, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டாயா?" என்று ஒரு கேள்வி. இருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை தாள். 2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் புதிது இறக்குமதி செய்ய அனுமதி தருகிறோம் என்று இங்கே அறிவித்தபோது, எனக்குத் தெரிந்தவர்களே ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். என் வாசலுக்கும் ஒரு தரகர் வந்தார். 1964-இல் உன் அப்பா கடையைத் தேசியமயத்துக்குக் கொடுத்தார். மே மாதம் ஐம்பதும் நூறும் செல்லாது என்றதும் பெட்டியில் இருந்ததையும் கொடுத்தார். மிச்சமிருந்த சாவியை என் அப்பா கையில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தச் சாவியைத் தரகரிடம் எப்படி நீட்டுவேன்? காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ பார்க்காமல் போன வேடிக்கை ஒன்று உண்டு. உன் காலத்தில் இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடின. அமெரிக்க ஜீப்புக்கு ஸ்டீயரிங்கும் இடப்பக்கம். முன்னால் போகும் மாட்டு வண்டியைத் தாண்ட வேண்டுமானால் உன் அப்பா உன்னைத்தான் எட்டிப் பார்க்கச் சொல்வார். 1970 டிசம்பர் 6 அன்று ஊரே வலப்பக்கம் மாறியது. ஜீப் ஒரு திருகாணிகூட மாறாமல் சரியான வண்டியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள்தான் இன்றைக்கும் எட்டிப் பார்த்து முந்துகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் நோகாதே. அது வில்லிஸ் இல்லை. போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தை வைத்து வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டி போல இருந்தால் ஃபோர்டு. நம்முடையது தொட்டி. போதாக்குறைக்குப் போல்ட்டுத் தலைகளில் எல்லாம் எஃப் எழுத்து. அறுபது வருடம் வில்லிஸ் என்றே பெருமை பேசிவிட்டோம்; நீ அங்கே தொடர்ந்து பேசிக்கொள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டாஷ்போர்டில் இஞ்சின் சூடு காட்டும் அந்த முள், நாம் பள்ளிக்கூடம் போன நாளிலேயே செத்துக் கிடந்தது நினைவிருக்கிறதா? எலி கடித்துவிட்டது என்பார் உன் அப்பா. முள் இல்லாமலே அவர் தட்டோன் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். மைல் கணக்கு வைத்து நிறுத்தி, பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். கை பொறுத்தால் வெற்றிலை போடாமல் கிளம்புவார். பொறுக்கவில்லை என்றால் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை இஞ்சினுக்கு ஓய்வு. என் அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார், நானும் அப்படித்தான்.

போன வருடம் என் பேரன், "தாத்தா, இது என்ன குருட்டு ஓட்டம்" என்று சந்தையிலிருந்து ஒரு புது கேஜ் வாங்கி வந்து மாட்டிவிட்டான். மின்சாரத்தில் வேலை செய்வது. சுற்றிலும் நீல வெளிச்சம் வேறு. எண்பது வயதுக் கிழவருக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியது போல இருந்தது. இரண்டு மாதம் முள் சாதுவாக இருந்தது. எவ்வளவு வெயிலில் ஓட்டினாலும் பாதிக்குக் கீழேதான் நிற்கும். அட, நம் ஜீப் இவ்வளவு குளிர்ச்சியா என்று எனக்கே பெருமை.

பிறகு ஒரு நாள் பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது முள் சட்டென்று சிவப்புக்குத் தாவியது. பதறிப்போய் நிறுத்தினேன். ஆவி இல்லை, வாசனை இல்லை. மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார். இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதையும் பிடுங்கிப் போட்டார். (இஞ்சின் தன் சூட்டுக்கு வந்து சேரத்தான் அது இருக்கிறது, ஊர் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு நானே திரும்ப மாட்டினேன்.) பணம் கொடுத்து வந்த மூன்றாம் நாள் மாலை முள் மறுபடியும் சிவப்பில். இனி இஞ்சினின் மேல்மூடியை, அதுதான் ஹெட்டை, திறக்க வேண்டும் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஹெட்டைக் காப்பாற்றியது உன் தங்கச்சிதான், அதாவது என் வீட்டுக்காரி. தன்பியூசயாட்டில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முதோனைத் தாண்டி ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன், முள் ஏறியது. ஓரமாக நிறுத்தி, இஞ்சின் ஓடட்டும் என்று விட்டு, பேட்டரி வீணாகிறதே என்று விளக்கை மட்டும் அணைத்தேன். முள் இறங்கிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இன்னொரு தரம் விளக்கைப் போடுங்கள்" என்றாள். போட்டேன். ஏறியது. அணைத்தேன். இறங்கியது. "விளக்கு எரிந்தால் இஞ்சினுக்குக் காய்ச்சல் வருமா?" என்றாள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் டியூஷன் எடுத்தவன் நான். அந்த இருட்டு எனக்கு வசதியாக இருந்தது.

பத்து லிட்டர் தண்ணீரும் அத்தனை இரும்பும் ஒரு விநாடியில் சூடாகி ஒரு விநாடியில் ஆறுமா, சொல்? மறுநாள் காலை கேஜைக் கழற்றினேன். கேஜின் கூட்டுக்கு எர்த், டாஷ்போர்டுத் தகட்டின் வழியாகத்தான். அந்தத் தகட்டில் ஐந்தாறு தலைமுறைப் பெயின்ட். எர்த் ஏதோ ஒரு திருகாணியின் நுனியில் தொட்டும் தொடாமலும் இருந்தது. விளக்கைப் போட்டால் கேஜுக்குள் இருக்கும் அந்த நீல பல்பின் மின்சாரமும் அதே சந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். நெரிசல். முள் அதைச் சூடு என்று படித்துக்கொண்டது. ஒரு முழம் ஒயரை எடுத்து, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில் முடுக்கினேன். பத்து நிமிட வேலை. ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தை இங்கே எழுதினால் தங்கச்சி படிப்பாள், உனக்கும் பாடம் நடத்துவாள்; வேண்டாம்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பகலில் முள் அவ்வளவு சாதுவாக இருந்ததே, அதுவும் பொய். இஞ்சினில் திருகியிருக்கும் சென்சார் சூடாகச் சூடாக அதன் மின்தடை குறையும், முள் ஏறும். சென்சாருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. அதன் மரை இஞ்சின் இரும்பைக் கடித்திருப்பதுதான் எர்த். பேரன் தண்ணீர் ஒழுகக் கூடாதென்று, குழாய் மாட்டுகிறவர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தான். இரும்பு இரும்பைத் தொடவில்லை. அதனால் பகலெல்லாம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டியது, இரவில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டியது. கூட்டிக் காட்டியபோது பதறிய நான், குறைத்துக் காட்டிய இரண்டு மாதமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பார்த்தாயா.

டேப்பை உரித்து மாட்டியதும் கேஜ் சரியாகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நீல வெளிச்சம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. உன் அப்பா பழைய கேஜை லுங்கித் துணியில் சுற்றி ஆயுதப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன்.

அதற்கு மின்சாரமே வேண்டாம். இஞ்சினில் செருகும் ஒரு செம்புக் குமிழி, உள்ளே ஈதர். குமிழியிலிருந்து கேஜ் வரை வைக்கோல் தாளைவிட மெல்லிய குழல். சூடு ஏறினால் ஈதர் ஆவியாகி அழுத்தும், கேஜுக்குள் கொக்கி போல வளைந்த தட்டைக் குழாய் ஒன்று அந்த அழுத்தத்தில் கொஞ்சம் நிமிரும், முள் நகரும். போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை வாங்கிய குழாய் அது. நம் கேஜில் கொக்கியும் முகமும் பழுதில்லை. குழல்தான் ஒடிந்து, ஈதர் என்றைக்கோ பறந்துவிட்டது.

யாங்கோனிலிருந்து மலிவான கேஜ் ஒன்றைப் பஸ்ஸில் வரவழைத்தேன், அதே ஈதர் வகை. அதன் குமிழியையும் குழலையும் வெட்டி உன் அப்பாவின் கேஜோடு ஒட்டுப் போட வேண்டும், பதியன் வைப்பது போல. ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த ஊரில் சித்திரை மாதம் திண்ணையில் வைத்தாலே போதும். அப்படியே வெட்டினால் புஸ்ஸென்று போய்விடும். அதனால் முதலில் அதை உறங்க வைக்க வேண்டும். மீன் சந்தையில் ஐஸ் பாளம் வாங்கி நொறுக்கி, மூன்றுக்கு ஒன்று கல்லுப்புச் சேர்த்து, பிளாஸ்டிக் வாளியில் குமிழியைப் புதைத்தேன். அரை மணியில் வாளியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அந்தக் குளிரில் ஈதர் முழுவதும் குமிழிக்குள் திரவமாகச் சுருண்டுகொள்ளும். வெட்டினாலும் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும்.

ஒட்டுப் போட நம் தெருக்கோடிப் பத்தரை அழைத்தேன். மூக்குத்திக்குக் கல் பதிக்கிற கை. வந்ததும் ஊதுகுழலை எடுத்தார். "ஐயா, நெருப்பு வேண்டாம், இது ஈதர், நீங்களும் நானும் சேர்ந்து போய்விடுவோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சால்டரிங் கோலும் ஈயமும்தான். இரண்டு நுனிகளையும் மட்டமாக அராவி, சுண்டு விரல் நகம் நீளத்துக்குப் பித்தளைக் குழாய் ஒன்றில் இரு பக்கமும் செருகி, சுற்றி ஈயம் ஓட்டினார். முதல் முறை ஈயம் ஒரு துளி அதிகமாகி, தலைமுடி நுழையும் துவாரத்துக்குள் போய் அடைத்துவிட்டது. குமிழியை வெளியே எடுத்தும் முள் அசையவில்லை. திரும்பவும் ஐஸ், திரும்பவும் உப்பு, ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மறு ஒட்டு. பத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். நான் சும்மாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறியதும் குமிழியை வாளியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் பொத்தினேன். முள் ஒரு நூல் அசைந்தது. அறுபது வருடத்துக்கு மேல் படுத்துக் கிடந்தது, மாப்பிள்ளை.

சரி பார்க்காமல் நம்புகிற புத்தி இப்போது போய்விட்டது. அடுப்பில் பால் பாத்திரத்தை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டு, குமிழியை அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டேன். கடல்மட்டத்து ஊர் இது. தண்ணீர் ஃபாரன்ஹீட்டில் 212-இல் கொதித்தாக வேண்டும். முள் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. முள்ளைப் பிடுங்கி, இடம் பார்த்துத் திரும்பக் குத்தினேன். டியூஷன் காலத்து வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து ஆற ஆறப் பார்த்ததில் 180-இல் ஒரு மயிரிழை குறைவாகக் காட்டுகிறது. போகட்டும், தெரிந்த பொய்.

வெள்ளிக்கிழமை நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கியாய்க்தன்லன் பகோடா மலைக்கு ஏற்றினேன். இரண்டாம் கியரில் முள் 180-ஐத் தொட்டது, உச்சியில் இன்னும் கொஞ்சம் ஏறியது, இறக்கத்தில் தானாகவே இறங்கியது. மேலே நிறுத்தி, பழக்கதோஷத்தில் பானட்டில் கையை வைத்துப் பார்த்தேன். கை பொறுத்தது. தன்ல்வின் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் மாலை வெயிலில் நீளமாகக் கிடந்தது. நீ போகும்போது அங்கே படகுத்துறைதான்.

குழல் ஒடிந்திருந்த இடத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். இஞ்சின் பக்கம் இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில், உன் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கிறவன் கால் வைத்து எழுந்து எட்டிப் பார்ப்பானே, சரியாக அந்த இடத்தில் மடங்கி ஒடிந்திருந்தது. செம்பை எந்த எலி கடிக்கும்? அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைச் சென்னைக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கொஞ்சம் தேயிலை ஊறலும். அவர் திரும்பும்போது எவர்சில்வர் பால் பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பு, இரண்டு லிட்டர் பிடிக்கிறதாக. கேஜ் வெந்த பாத்திரத்தில் பால் காய்ச்ச மாட்டேன் என்று உன் தங்கச்சி பத்து நாளாக எனக்குக் கறுப்புத் தேநீர்தான் தருகிறாள்.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்