பாப்பாவோடு நீயும் நட

வேலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். விடுதியில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள், அப்படியே நின்றுபோனது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற கூட்டம் இன்னும் குறையவில்லை.

உன் மகள் பாப்பாவைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர், ராத்திரி மூன்று மணி வரை தூக்கமில்லை, வீட்டுக்குப் போன் போட்டால் அழுகை. "எக்சர்சைஸ் பண்ணு என்றேன், கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறாய். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பத்தாவதிலிருந்து பிளஸ் டூ வரை அவள் பி.டி. பீரியடை எல்லாம் கணக்குக்கும் வேதியியலுக்கும் பிடுங்கிக் கொடுத்தது யார்? நாம் பெரியவர்கள்தான். மைதானத்துக்குப் போனால் மார்க் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, பதினெட்டு வயதில் திடீரென்று ஓடச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு அசைன்மென்டாகத்தான் படும்.

போன நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் தேர்வு. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான். "நெஞ்சு படபடன்னு அடிக்குது சார், படிச்சது எல்லாம் மறந்துபோச்சு" என்றான். கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, உள்ளங்கை முழுக்க வியர்வை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து உடம்பில் ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். திரும்பி வந்தபோது மணி எட்டு. அவனை அறைக்குள் அனுப்ப மனம் வரவில்லை. வா என்று கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் இரண்டு சுற்று அவன் வாயே திறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அப்பா வாங்கிய கடனைப் பற்றிப் பேசினான். ஆறாவது சுற்றில் "பசிக்குது சார்" என்றான். அன்றைக்குக் காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, சேகர். மெஸ்ஸில் நான்கு தோசை சாப்பிட்டுவிட்டு பத்தரைக்குத் தூங்கப் போனான்.

பயம் வந்தால் அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன்கள் உடம்பில் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, தசை இறுகுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிவிடுகிறது. ஆனால் தேர்வுக்குப் பயந்தவன் எங்கே ஓடுவான்? நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான். நடக்கும்போதும் ஓடும்போதும் அதே இதயம்தான் வேகமாக அடிக்கிறது, ஆனால் பயம் இல்லாமல் அடிக்கிறது, அப்புறம் தானாக அடங்குகிறது. நாலு நாள் இப்படி அடங்கிப் பழகினால், படபடப்பு வந்தாலும் போய்விடும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. கூடவே தூக்கமும் ஆழமாக வரும். படித்தது மனதில் தங்குவது தூக்கத்தில்தான் என்பதை ராத்திரி முழுக்க விழித்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு எப்படித்தான் புரியவைப்பது!

எவ்வளவு செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாய். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்று சொல்லியிருக்கிறது. வேக நடை போதும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறினாலும் கணக்குதான். பாப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லாதே. என் விடுதியில் ஒருவன் நாளுக்கு 10,000 அடி என்று வைத்துக்கொண்டு, கணக்கில் குறைந்துபோன அடிகளை நிரப்ப நள்ளிரவில் வராந்தாவில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான். முகத்தில் அதே தேர்வுக் களை. அந்த 10,000 என்பது 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது என்று சொன்ன பிறகுதான் அறைக்குப் போனான்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. எங்கள் மாணவிகளை விளையாட வரச்சொல்லி நான் கேட்டபோது ஒரு பெண் சொன்னாள்: "சார், வகுப்பு முடியவே நாலரை. ஆறு மணிக்குள்ள ஹாஸ்டலுக்குள்ள இருக்கணும். கிரவுண்டு முழுக்கப் பசங்க. நாங்க எங்க ஓடுறது?" எனக்குப் பதில் இல்லை. அப்புறம் பெண்கள் விடுதி வார்டன் அம்மாவிடம் பேசி, மொட்டை மாடியில் இரண்டு விளக்கு போட்டு, ஒரு டஜன் ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வைத்தோம். வந்தது முதல் வாரம் ஐந்து பேர். இப்போது கயிற்றுக்குச் சண்டை நடக்கிறது. பாப்பாவின் விடுதியில் இதற்கு இடமும் நேரமும் இருக்கிறதா என்று முதலில் கேள். இல்லையென்றால் நீ அங்கே போய்ப் பேசவேண்டும், அவளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பையன்களிடம் நம்ம சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்வேன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம், 2018-ல் மறுபடியும் தங்கம். கண் விரியக் கேட்பார்கள். ஆனால் மறுநாள் காலை மைதானத்துக்கு வருவது அந்தக் கதைக்காக இல்லை, ஐந்தரைக்கு நான் அங்கே நிற்பேன் என்பதற்காக. ஏப்ரலில் தேர்வும் 105 டிகிரி வெயிலும் சேர்ந்து வரும் ஊர் இது, ஏழு மணிக்கு மேல் யாரும் ஓட முடியாது.

ஒன்று மட்டும் கவனி. தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், நடையை நம்பிக் காத்திருக்காதே. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. டாக்டரையும் பார்க்கவேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உன் அப்பா தவறிய வருடம் உனக்கு நினைவிருக்கும். கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாக நடந்தோம். உனக்கு ஆறுதலாக என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் பேசவில்லை. இருட்டியதும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். பிற்பாடு ஒருநாள் நீதான் சொன்னாய், அந்த ஒரு மாதம் நடக்காமல் இருந்திருந்தால் பரீட்சையே எழுதியிருக்கமாட்டேன் என்று.

வருகிற சனிக்கிழமை பாப்பாவைப் பார்க்கக் கோயம்புத்தூர் போ. நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடு, கால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிற மாதிரி. அரியரைப் பற்றிப் பேச்செடுக்காமல் அவளோடு ஒரு மணி நேரம் நட. பொங்கலுக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். காலை ஐந்தரைக்கு அகழி ஓரத்தில் நிற்கிறேன்.

உன்
ரவி